இல்லாத ஜுரம்

என் மகனுக்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் ஆசீர்வாதத்தை இன்று எழுதவில்லை. மறந்துவிடவில்லை. அதற்காகக் கடைசியில் இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்; முடிக்கும்போது கை வந்தால் எழுதுகிறேன். இங்கே சௌக்கியம் என்றும் எழுத மாட்டேன். நான் உன் மேல் கோபமாக இருக்கிறேன். அறுபது வயதுக்கு மேல் இது எனக்குப் புதிய வியாதி. கோபப்பட்டுப் பழக்கம் இல்லாதவனுக்கு அது சரியான அளவில் வருமா என்றுகூடத் தெரியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நான்காம் தடவையாக எழுதுகிறேன். கிழித்த மூன்றிலும் பாதிக்கு மேல் உன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். இதில் அதைச் செய்யக்கூடாது என்று தனியாக ஒரு சீட்டில் எழுதி, மைக்கூட்டுக்கு அடியில் சொருகி எதிரே வைத்திருக்கிறேன்.

போன மாதம் நீ திண்டிவனத்திலிருந்து ஒரு கார்டு போட்டாய். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் பிரமாதமாக முடிந்தது, நாலாவது பாரம் பையன்களின் இங்கிலீஷைக் கேட்டு இன்ஸ்பெக்டர் உன் கையைக் குலுக்கினார் என்று எழுதியிருந்தாய். கீழே, இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: "வாய் திறக்காத ஐந்து பேரை வீட்டில் இருக்கச் சொல்லி, ஜுரம் என்று போட்டுவிட்டேன். உங்கள் பழைய முறைதான், அப்பா." அதைப் படித்து நான் சிரித்தேன். மறைக்கவில்லை, சிரித்தேன். மகன் என்னிடம் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டான் என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பத்து நாள் கழித்து, எப்போதும்போல் தபாலை ரயிலடிப் பெட்டியில் போடுவதற்காக விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போனேன். கூட்ஸ் ஷெட்டில் மல்லாக்கொட்டை மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டையின் வயிற்றிலும் போய்ச் சேரும் ஊரின் பெயரைக் கறுப்பு மையில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தான் ஒரு பையன். பதினாலு வயது இருக்கும். கட்டைத் தூரிகை, ஆனால் எழுத்து அச்சுப்போல் இருந்தது. எழுதும்போது அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மூட்டை தூக்குகிற ஆட்களில் ஒருவன், "இன்னாடா தொரை, வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கினு கீற? எங்களுக்கும் கேக்கறாப்புல சத்தமா சொல்றது" என்றான். பையனின் வாய் உடனே மூடிக்கொண்டது. கழுத்து சிவந்தது. தூரிகை பிடித்த கையை வேட்டியில் துடைத்தான். அந்தத் துடைப்பு எனக்குத் தெரியும். உள்ளங்கை வேர்த்தால் நீ அப்படித்தான் துடைப்பாய். நானும் அப்படித்தான்.

அவனோடு பேச எனக்கு மூன்று நாள் பிடித்தது. மூன்றாம் நாள்தான், "எங்கே படித்தாய் தம்பி?" என்று கேட்டேன்.

"திண்டிவனத்துலங்க. நாலாவது பாரம்."

"ஏன் நின்றுவிட்டாய்?"

"ஜொரம் சார்."

"இப்போது விட்டுவிட்டதா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "வரவே இல்லீங்களே சார். எங்க சாருதான் ஜொரம்னு எழுதிக்கினாரு."

அவன் பெயர் ஏழுமலை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கடைசி பெஞ்சு, சுவரோரம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் நீ அவனை வீட்டில் இருக்கச் சொன்னாய். உடம்பு நன்றாயிருக்கிற பையன் ஏன் வீட்டில் இருக்கிறான் என்று அவன் அப்பன் கேட்டிருக்கிறான். கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன். பையன் உண்மையைச் சொன்னான். "படிச்சவங்களே உனக்கு வராதுன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்குடா?" என்று அப்பன் அன்றைக்கே அவனைக் களைவெட்டக் கூட்டிப்போனான். அப்படியும் மறுநாள் பையன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். வகுப்புக்குள் நுழைந்ததும் பையன்கள், "டேய் ஜொரம், வந்துட்டியா? கிட்ட வராத, ஒட்டிக்கப் போவுது" என்றார்கள். அன்றிலிருந்து அதுவே அவன் பெயராகிவிட்டது. நான்கு நாள் பொறுத்துக்கொண்டான். ஐந்தாம் நாள் விழுப்புரத்துக்கு, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற மாமனிடம் வந்துவிட்டான்.

"பசங்க சொன்னா சொல்லிட்டுப் போறானுங்க சார். அவனுங்க அப்பிடிதான். ஆனா சாரே சிரிச்சாரு சார்" என்றான்.

நீ சிரித்தாயாமே! அந்தப் பையனை அந்தப் பெயரால் கூப்பிட்டபோது கையில் சாக்குக்கட்டியை வைத்துக்கொண்டு நின்று சிரித்தாயா? வேறு யார் சிரித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. உனக்குத் தெரியாத விஷயமா அது? நீ குடித்த மருந்தின் கசப்பு உன் தொண்டையை விட்டுப் போய்விட்டதா?

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. முப்பத்தேழாம் வருஷம், நீ நாலாவது பாரம். என் வகுப்பு. அதுவரை தமிழில் படித்த சரித்திரமும் பூகோளமும்கூட அந்த வருஷத்திலிருந்து இங்கிலீஷுக்கு மாறின. அத்தனை நாள் வாயடித்துக்கொண்டிருந்த பையன்கள் ஒரே ஜூன் மாதத்தில் ஊமைகளாகிப் போனார்கள். நீ எழுத்தில் முதல். கட்டுரையில் உன்னிடம் திருத்த எனக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் எழுந்து நின்று வாசி என்றால் புஸ்தகத்தின் ஓரம் உன் விரலில் ஈரமாகும். முதல் வார்த்தை உதட்டில் வந்து நிற்கும். நீ அதை உள்ளேயே திருப்பித் திருப்பிச் சரிபார்ப்பாய். அதற்குள் யாராவது செருமுவான், யாராவது கிசுகிசுப்பான், நான் "அடுத்தவன்" என்பேன். உனக்கு இங்கிலீஷ் வராது என்று வகுப்பு நினைத்தது. வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை கோலியனூர் சாலையில் உனக்குப் பின்னால் நூறு கஜ தூரத்தில் வந்துகொண்டிருந்தேன். சாலையில் வேறு யாரும் இல்லை. நீ கையை வீசிக்கொண்டு பூகோளப் பாடம் முழுவதையும் இங்கிலீஷில் உரக்கச் சொல்லிக்கொண்டு போனாய். ஒரு பிழை இல்லை. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன், நீ திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாய் என்று. அந்தக் குரலைக் கேட்ட பிறகும் அடுத்த மாதம் நான் செய்ததைச் செய்தேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்படி வழக்கமோ, அப்படியே ஜுரக்காரர் பட்டியல் போடுவதும் வழக்கம். எந்தப் பையனிடம் இன்ஸ்பெக்டர் துரை கேள்வி கேட்டால் வகுப்பின் மானம் போகுமோ, அவனுக்கு அன்றைக்கு ஜுரம். அதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. பையனுக்கும் நல்லதுதானே, துரை முன்னால் நின்று நடுங்க வேண்டாமே என்று சொல்லிக்கொள்வோம். அந்த வருஷம் பட்டியலில் உன் பெயரும் இருந்தது. "ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய?" என்று உன்னிடம் சொன்னேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். பதினோரு வருஷமாக நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த மனிதர் செத்தும் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

அவர் சொல்லவில்லை. நான் ஆறு பெயர் எழுதிக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, "ஆறு பேர் போதுங்க" என்றார். நான் அவருடைய மேஜை மேலேயே தாளை வைத்து ஏழாவதாக உன் பெயரை எழுதினேன். அவருக்கே ஆச்சரியம். "உங்க பையனா? நல்லா எழுதுவானே சார்?" என்று கேட்டார். "பேச மாட்டான் சார்" என்றேன். "பேச மாட்டானா, நீங்க பேச விட மாட்டீங்களா?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். வாத்தியார் பையனே விழித்தால் துரை வாத்தியாரைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் எனக்கிருந்த பயம். உனக்காகப் பட்ட பயம் இல்லை. இதை எழுத எனக்கு நான்கு தாள் தேவைப்பட்டது, பதினோரு வருஷமும் தேவைப்பட்டது.

இன்னும் கேள். துரை வந்த நாள் முழுவதும் கோடை வெக்கையில் உன்னைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுக்கச் சொன்னேன், தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று. வகுப்பில் துரை ரிஜிஸ்டரைப் புரட்டினார். என் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. அவர் என்னென்ன கேட்கலாம் என்று யோசித்து, பதினோரு பதில்களை இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் அதில் எதையும் கேட்கவில்லை. ஒரே வகுப்பில் ஏழு பேருக்கு ஜுரமா, ஊரில் மலேரியா பரவியிருக்கிறதா, சுகாதார இலாகாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். இருபது வருஷம் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தியவன், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றேன். ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டு, ஆமாம், பரவியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். துரை கையேட்டில் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து நம் வீட்டு வாசலில் இறங்கினார். கையில் கொயினா மருந்து பாட்டில். ஏழு வீட்டு விலாசமும் அவரிடம் இருந்தது. உன் அம்மாதான் முதலில் வந்தாள். "புள்ள ஒடம்பு நல்லாத்தான இருக்குது, எதுக்குங்க கொயினா?" என்றாள். நான் பின்னால் நின்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். "மேலெடத்து உத்தரவும்மா. வாயத் தொறடா தம்பி, ஜல்தி" என்று அவர் அவுன்சுக் கிளாசில் ஊற்றினார். நீ என்னைப் பார்த்தாய். அந்தக் கிளாஸ் உன் வாய்க்குப் போகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். இவனுக்கு ஜுரம் இல்லை என்று, அதுவும் தமிழில், நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நீ குடித்தாய். மூன்று வேளை, ஐந்து நாள். வாந்தி எடுத்தாய். உன் அம்மா உன் வாயில் வெல்லத்தைப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீங்க" என்றாள். சாகிறவரை அவள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்படி மருந்து குடித்தவன்தான் ஐந்து பையன்களுக்கு அதே ஜுரத்தை எழுதியிருக்கிறான். எழுதிவிட்டு, உங்கள் முறை என்று எனக்கே கார்டு போடுகிறான். அந்த ஐந்து பெயரையும் எடுத்துப் பார். அதில் வக்கீல் வீட்டுப் பையன் எவனாவது இருக்கிறானா? தாலுகா கச்சேரி குமாஸ்தாவின் பையன் இருக்கிறானா? ஏழுமலையின் தெருவிலிருந்து நாலாவது பாரம் வரைக்கும் வந்தவன் அவன் ஒருவன்தான் என்று அவன் மாமன் சொல்கிறான். எங்கள் காலத்திலாவது வெள்ளைக்காரத் துரை என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது துரை கப்பலேறி வருஷம் ஒன்று ஆகிறது. உன் கையைக் குலுக்கின இன்ஸ்பெக்டர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர், கேப்பைக் கூழ் குடித்து வளர்ந்தவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். யாருக்குப் பயந்து அந்தப் பையனைக் களைவெட்ட அனுப்பினாய்?

நீ பிற்பாடு மெட்ராஸுக்குப் போய், காலேஜில் எப்படியோ பேசக் கற்றுக்கொண்டாய். எப்படி என்று நான் கேட்டதே இல்லை. போன தை மாதம் உன்னைப் பார்க்க வந்தபோது உன் வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் அரை மணி நின்றேன், உனக்குத் தெரியாது. உன் இங்கிலீஷ் சாலைவரை கேட்டது. என் மகனா இது என்று பூரித்தேன். இப்போது அதை நினைத்துப் பார்க்கிறேன். அந்த அரை மணியில் உன் குரலைத் தவிர வேறு ஒரு குரலும் எனக்குக் கேட்கவில்லை. நடுவில் மற்றவர்கள் பேச இடம் விட்டால் எங்கே தனக்குப் பழைய ஊமைத்தனம் திரும்பிவிடுமோ என்று பயப்படுகிறவனின் சத்தமாக அது எனக்கு இப்போது படுகிறது. நான் தப்பாகவும் இருக்கலாம். என்னுடைய கணிப்புகளில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் பயந்த பையன் எப்படி இருப்பான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவன் பாடத்துக்குப் பயப்படுவதில்லை. முகங்களுக்குப் பயப்படுகிறான். ஒரு தடவை சிரித்துவிட்டார்களானால், பதில் தெரிந்த கேள்விக்கும் தெரியாது என்று உட்கார்ந்துவிடுவான். அது அவனுக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்திலேயே ஆயுசு முழுவதும் கழித்துவிடலாம். நான் கழித்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் செய்து பார்க்காததை உனக்கு எப்படிச் சொல்வேன்? உட்கார்ந்தபடியே வாசிக்க விடலாமோ என்னவோ. முதல் வார்த்தைக்கு அரை நிமிஷம் காத்திருக்கலாம். நான் ஒரு தடவைகூடக் காத்திருந்ததில்லை. சிரிக்கிறவனை அடிக்காமல், அவனையே அடுத்து வாசிக்கச் சொல்லலாம். அவனுக்கும் உள்ளங்கை ஈரமாகத்தான் இருக்கும். இதெல்லாம் பென்ஷன் வாங்குகிற கிழவனின் யோசனை, தள்ளினாலும் தள்ளு. ஆனால் ரிஜிஸ்டரில் பொய் எழுதாதே. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

முந்தாநாள் ஏழுமலையிடம், திரும்பப் போகிறாயா என்று கேட்டேன். "மாட்டேன் சார். மறுபடி ஜொரம்னு கூப்புடுவாங்க" என்றான். அப்போதுதான் சொன்னேன், உன் சாருக்கும் ஒரு தடவை இதே ஜுரம் வந்தது, நான்தான் எழுதினேன், நான் அவருக்கு அப்பா என்று. தூரிகையை மையிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். கொயினா விஷயத்தையும் சொன்னேன்.

"நெசமாவே குடிச்சாரா சார்? அஞ்சு நாளா?"

"ஐந்து நாள்."

"அவுரு கொஞ்சம் பாவந்தான் சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அவன் மாமன் மூட்டையை இறக்கிவிட்டு வந்து, "கூட்டிக்கினு போறதுன்னா போங்க சார். ஆனா இந்தத் தபா திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, அப்புறம் நான் இவன ஸ்கூல் பக்கமே உட மாட்டேன். இவன் அப்பன் இப்பவே என்னை ஏசிக்கினு கீறான்" என்றான்.

அதனால்தான் இதைத் தபாலில் போடவில்லை. காலைப் பாஸஞ்சரில் இரண்டு பேரும் புறப்பட்டு வருகிறோம். உன் எதிரில் நின்றால் என் வாயில் ஒன்றும் வராது, நீ ஏதாவது சொன்னால் சரிப்பா என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று தெரிந்துதான் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன். பள்ளிக்கூட வாசலில் பியூனிடம் இதைக் கொடுத்து அனுப்புவேன். நீ இந்த வரியைப் படிக்கும்போது நாங்கள் அந்த வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்போம். அவன் சட்டையை நேற்று ராத்திரியே துவைத்துக் காயப்போட்டுவிட்டான். கைவிரல் மை மட்டும் போகவில்லை.

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே வா. அவனுடைய பெயருக்கு நேரே எழுதியிருக்கிற ஜுரத்தை அவன் பார்க்கக் கோடு போட்டு அடி. பிறகு அவனை உள்ளே கூட்டிப்போ, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பையன்கள் காதில் விழும்படி. உன் பெயருக்கு நேரே நான் எழுதினதை அடிக்க எனக்கு வழியில்லை. அந்த ரிஜிஸ்டர் எங்கே கிடக்கிறதோ.

கடைசியில் விட்ட இரண்டு வரி இடம் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றும் எழுதப் போவதில்லை. நீ அவனை உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தால் ஆசீர்வாதத்தை வாயாலேயே சொல்கிறேன். என்ன வார்த்தை சொல்வது என்று இதுவரை யோசித்து வைக்கவில்லை. சட்டைப்பையிலும் சீட்டு இல்லை. முதல் வார்த்தை வர நேரமானால் கொஞ்சம் காத்திரு.

உன் அப்பா